கரி போட்டால் மண்ணில் இருக்கிற மக்கு குறைந்துபோகுமா?

இலைமக்கு (கேள்வி)

ஆறு வருஷமாக நான்கு பாத்திகளை வெறும் இலைமக்கு போட்டே தேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். தொடங்கும்போது மண்வெட்டி இறங்காத, வெளிறிய களிமண். இப்போது கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. அள்ளி அமுக்கினால் உருண்டை நிற்கிறது, விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர்கிறது. மழை ஓய்ந்ததும் வருகிற அந்த வாசனைக்காகவே போய் நின்றுகொண்டிருப்பேன்.

போன வாரம் ஒரு நண்பர் தான் சுட்ட உயிர்க்கரியில் இரண்டு மூட்டை கொடுத்தார். மரக்கிளைகளைச் சுட்ட கரி. போடலாம் என்று ஆசையாக இருந்தது, அதற்குள் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. ஸ்வீடன் காட்டில் கரியையும் மக்கையும் கலந்து பத்து வருஷம் வைத்துப் பார்த்தார்களாம். கரி சேர்ந்த மக்கு, கரி சேராததைவிட அதிகமாகக் கரைந்துபோனதாம். அதைப் படித்ததிலிருந்து மூட்டையை அவிழ்க்கவே மனம் வரவில்லை.

கரி நூற்றுக்கணக்கான வருஷம் மண்ணில் நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நிற்கட்டும். அது நிற்பதற்காக நான் சேர்த்த மக்கு போய்விட்டால் என்ன செய்வது? இன்னொரு ஆறு வருஷம் என்னால் முதலிலிருந்து தொடங்க முடியாது. கரி போட்டு, சில வருஷமாவது கவனித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கருமண்

வீண் கவலை. அமேசான் காட்டில் 'டெர்ரா பிரேட்டா' என்று ஒரு கறுப்பு மண் இருக்கிறது. அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் உண்டாக்கியது, ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய இடங்களும் உண்டு. இன்றைக்கும் பக்கத்து மண்ணைவிட வளம் அதிகம். கரி மக்கைத் தின்றுவிடும் என்றால் அந்த மண் எப்போதோ வெளுத்துப் போயிருக்க வேண்டுமே. இரண்டு மூட்டையையும் கொட்டிக் கொத்திவிடுங்கள்.

சல்லடை

தம்பி, கொட்டிக் கொத்திவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் 11 வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் யாரையும் கேட்காமல் கொட்டினேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்வீடன் சோதனை. அது உண்மையான, கவனமாகச் செய்த சோதனை. வார்டில், நில்சன், சாக்ரிசன் மூவரும் 2008-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். வடக்கு ஸ்வீடனில் மூன்று விதமான காடுகளில் வலைப்பைகளை வைத்தார்கள். சில பைகளில் மக்கு மட்டும், சிலவற்றில் கரி மட்டும், சிலவற்றில் இரண்டும் பாதிப் பாதி. தனித்தனிப் பைகளில் மிஞ்சியதை வைத்துக் கணக்குப் போட்டால் கலப்புப் பையில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று தெரியும். மிஞ்சியது அதைவிடக் குறைவு. கலப்பில் நுண்ணுயிர்களின் ஆட்டமும் அதிகமாக இருந்தது.

இப்போது அந்தப் பையில் எது இல்லை என்று பாருங்கள். களிமண் இல்லை. காட்டுத் தரையின் மேல் கம்பளம் மாதிரி படிந்திருக்கும் மக்கு மட்டும்தான் இருந்தது. உங்கள் பாத்தியில் மக்கு அப்படித் தனியாகக் கிடக்கவில்லை. களித் துகளோடு ஒட்டிக்கொண்டும், மண் பருக்கைகளுக்குள் புதைந்தும் இருக்கிறது. நுண்ணுயிர் அதை எட்டிப் பிடிப்பதே கஷ்டம். மக்கு என்பது எதற்கும் கரையாத ஏதோ தனிப்பொருள் என்று முன்பு நினைத்தார்கள். 2015-ல் லேமனும் கிளேபரும் நேச்சர் இதழில் இதை நேராகவே கேள்வி கேட்டார்கள். அவர்கள் சொல்வது, மண்ணில் இருப்பதெல்லாம் படிப்படியாகச் சிதைந்துகொண்டிருக்கும் பொருள்கள்தான், அவை நீடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவை ஒளிந்திருக்கும் இடம் என்று. எனக்கு மண்ணைப் பற்றிய எண்ணமே இதைப் படித்த பிறகு மாறியது.

ஸ்வீடன் கட்டுரைக்கு அதே 2008-ல் லேமனும் சோஹியும் மறுப்பு எழுதினார்கள். பையில் குறைந்ததெல்லாம் கரியமில வாயுவாகப் போய்விட்டது என்று எப்படிச் சொல்ல முடியும், கரைந்தும் பொடிந்தும் பைக்கு வெளியே மண்ணுக்குள் இறங்கியிருக்கலாமே என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. அதுவும் சரியான கேள்விதான்.

ஆனாலும் புதுக் கரி மக்கைக் கிளறிவிடும் என்பது நடக்கிற காரியம். 'பிரைமிங்' என்பார்கள். கரிக்கு மட்டும் உள்ள குணம் இல்லை அது. 1926-லேயே லோனிஸ் என்பவர் பசுந்தாள் உரம் போட்ட மண்ணில் பழைய மக்கும் சேர்ந்து சிதைவதைக் கவனித்திருக்கிறார். பட்டினி கிடக்கும் நுண்ணுயிர்களுக்குச் சுலபமான தீனி கொஞ்சம் கிடைத்தால் அவை பெருகும். தீனி தீர்ந்ததும் பக்கத்தில் இருப்பதில் கை வைக்கும்.

கரியில் சுலபமான தீனி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சூளையில் முழுசாக வேகாத தாரும் எண்ணெய்ப் பசையும் கரி மேல் படிந்திருக்கும். வாங், சியோங், குஸ்யாகோவ் மூவரும் 2016-ல் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கரியில் ஏறக்குறைய 3 சதவீதம் சராசரியாக 108 நாளில் போய்விடுகிறது. மீதி 97 சதவீதத்துக்கு சராசரி ஆயுள் 556 வருஷம். அந்த 3 சதவீதம்தான் முதல் சில மாதங்களில் உங்கள் பாத்தியைக் கலைக்கக்கூடியது. சாம்பலும் சேர்ந்து வருவதால் மண்ணின் காரத்தன்மை ஏறும், புளிப்பான மண்ணில் முடங்கிக் கிடந்த நுண்ணுயிர்கள் அதிலும் விழித்துக்கொள்ளும்.

என் முதல் பாத்தியில் நடந்தது இதுதான். சுட்ட கரியை அப்படியே கொட்டிக் கொத்தினேன். மூன்று வாரத்தில் செடிகளின் அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. கரியில் கார்பன் மட்டும்தான் நிறைய, தழைச்சத்து கிடையாது. பெருகிய நுண்ணுயிர்கள் தழைச்சத்துக்கு மண்ணைத்தான் சுரண்டும், கரியும் கொஞ்சத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே போட்ட இலை மூடாக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் காணாமல் போனது. அப்போது காரணம் தெரியாமல் வெய்யிலைக் குறை சொன்னேன்.

இது கதையின் முன்பாதி. பின்பாதி நேர்மாறாகப் போகிறது. தார் தீர்ந்ததும் கரி வெறும் துளைகளாக நிற்கிறது. வேர் கசியவிடுவதும், மக்கிலிருந்து தண்ணீரில் கரைந்து வருவதும் அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்கின்றன. களித் துகள் வந்து மேலே அப்புகிறது. கரியைச் சுற்றிப் புது மண் பருக்கைகள் உருவாகின்றன. அதற்குள் மாட்டிய மக்கை நுண்ணுயிர் எட்ட முடியாது.

மூன்றாம் வருஷம் அதே பாத்தியில் பாக்கு அளவுக்கு ஒரு கரித்துண்டை எடுத்துக் கழுவாமல் நகத்தால் பிளந்து பார்த்தேன். போடும்போது உள்ளே பளபளவென்று கறுப்பாக இருந்தது. இப்போது ஓரமெல்லாம் மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு படலம். நடுவில் விரிசல் இருந்த இடத்தில் மயிரைவிட மெல்லிய வேர் ஒன்று நுழைந்து, உள்ளேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. பிளந்த இரண்டு துண்டையும் அந்த வேர்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிய்க்க மனமில்லாமல் திரும்பவும் புதைத்துவிட்டேன்.

நீண்டநாள் கணக்கு வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் வெங் என்பவரும் உடன் இருந்தவர்களும் செய்தது இருக்கிறது, 2017-ல் வெளிவந்தது. புல்வெளி, செம்மண் வகை, மரக்கரி ஹெக்டேருக்கு 10 டன். ஒன்பதரை வருஷம் கழித்துப் பார்த்தபோது வேரிலிருந்து புதிதாக வந்த கார்பன் 20 சதவீதம் அதிகமாக மண்ணில் தங்கியிருந்தது. பழைய மக்கு சிதையும் வேகம் 5.5 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது வயதான கரி மக்கைக் காப்பாற்றுகிறது.

கருமண் சொன்ன அமேசான் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் சொல்வது உண்மை. கிளேசர் என்ற மண் ஆய்வாளர் அளந்தபோது பக்கத்து மண்ணைவிட அதில் கரி சராசரியாக 70 மடங்கு, கரிமப் பொருள் 3 மடங்கு இருந்தது. ஆனால் அங்கே போனது வெறும் கரி இல்லை. எலும்பு, மீன் கழிவு, உடைந்த பானை ஓடு, மனிதக் கழிவு எல்லாம் கரியோடு சேர்ந்தே தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கின்றன. இரண்டு மூட்டைப் பச்சைக் கரியை ஒரே நாளில் கொட்டுவதற்கு அது சாட்சி ஆகாது.

அதனால் என் பதில்: போடுங்கள், ஆனால் அந்த முன்பாதியை மண்ணுக்கு வெளியே முடித்துவிட்டுப் போடுங்கள். கரியை இலைமக்குக் குவியலுக்குள் சேருங்கள், குவியலைப் புதிதாக அடுக்கும்போதே. பத்தில் ஒரு பங்கு போதும். தார் தின்னும் வேலை, தழைச்சத்தை இழுக்கும் வேலை எல்லாம் அந்தக் குவியலிலேயே நடந்து தீரும். 2017-ல் ஹாகெமன் குழு மக்கு உரத்தில் ஊறிய கரியை நுண்ணோக்கியில் பார்த்து, துளைகளுக்குள்ளே கரிமப் படலம் படிந்திருப்பதைக் காட்டினார்கள். சத்தைப் பிடித்து வைப்பதே அந்தப் படலம்தான் என்றார்கள். என் கரித்துண்டில் மூன்று வருஷத்தில் வந்த பழுப்பு நிறம், குவியலில் சில மாதங்களிலேயே தொடங்கிவிடும்.

கரி எப்படிச் சுட்டது என்று ஒரு சின்னப் பரிசோதனை செய்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு துண்டை விரலில் நன்றாகத் தேயுங்கள். வெறும் தண்ணீரிலேயே கழுவிப் போனால் நன்றாக வெந்த கரி. சோப்பு போட்டும் பிசுபிசுப்பு போகவில்லையென்றால் தார் மிச்சம் இருக்கிறது.

மணல்பாத்தி

அக்கா சொன்னதில் களிமண் பற்றிய பகுதியை மணல்காரர்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என்னுடையது சுத்த மணல். நான்கு வருஷம் தொழுவுரம் போட்டு, பழுப்பு நிறம் வரவே அவ்வளவு காலம் ஆனது. கரி போட்ட பிறகு தண்ணீர் நிற்பது நன்றாகவே கூடியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பருவம் தொழுவுரம் எங்கே போனது என்றே தெரியவில்லை. பொய் சொல்லவில்லை, கொத்தினால் கரித்துண்டும் மணலும் மட்டும் தனித்தனியாக வந்தன. வழக்கமான அளவு உரத்தை அடுத்த வருஷம் இரண்டு தடவையாகப் போட்டுத்தான் சமாளித்தேன்.

இலைமக்கு

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. மூட்டையை அவிழ்த்துவிட்டேன். இரண்டு துண்டைத் தட்டினால் பானை ஓடு மாதிரி கணீரென்று சத்தம் வருகிறது. விரலில் தேய்த்ததும் தண்ணீரிலேயே போய்விட்டது. ஆனால் மூட்டையின் அடியில் பழுப்பாக, நடுவில் மரம் மாதிரியே இருக்கிற துண்டுகளும் கொஞ்சம் இருக்கின்றன. அவை கையில் பிசுபிசுக்கின்றன.

இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, மொத்தம் எவ்வளவு போடலாம்? இரண்டு, மக்கு கூடியதா குறைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருஷம் ஒரு தடவை மண் பரிசோதனைக்குக் கொடுக்கிறேன். கரிமக் கார்பன் என்று ஒரு எண் வரும். அதைப் பார்த்தால் போதுமா?

சல்லடை

கணீரென்று சத்தம் வந்தால் நல்ல கரி. அடியில் இருக்கிற பழுப்புத் துண்டுகளைத் தனியாகப் பொறுக்கிவிடுங்கள். அவை பாதி வெந்தவை. குவியலின் நடுவில், சூடு அதிகமாக இருக்கும் இடத்தில் போட்டு அடுத்த வருஷம் வரை விடுங்கள்.

அளவு: சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. ஆஸ்திரேலியாவில் போட்ட 10 டன்னும் அதே கணக்குதான். அதையும் மூன்று வருஷமாகப் பிரித்துப் போடுங்கள், உங்கள் மண் ஏற்கெனவே நன்றாக இருக்கிறது, அவசரம் இல்லை. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பரிசோதனைத் தாளில் கார அமில எண் (pH) 8-ஐத் தொட்டிருந்தால் கரி வேண்டவே வேண்டாம். கரியும் காரம்தான், சாம்பலோடு சேர்ந்து இன்னும் ஏற்றிவிடும்.

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கரியும் கார்பன், மக்கும் கார்பன். பரிசோதனைக்கூடத்தில் மண்ணைச் சூளையில் எரித்து எடைக் குறைவைப் பார்த்தால் கரியும் எரிந்து மக்குக் கணக்கில் சேர்ந்துவிடும். எண் ஏறும், நாம் சந்தோஷப்படுவோம், உள்ளே மக்கு குறைந்துகொண்டே இருந்தாலும் தெரியாது. வாக்லி-பிளாக் முறை என்று 1934-லிருந்து இருக்கிற ஒன்றில் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் ஊற்றுவார்கள். அது மக்கிலேயே ஏறக்குறைய 77 சதவீதத்தைத்தான் கரைக்கும், அதனால்தான் விடையை 1.3-ஆல் பெருக்குகிறார்கள். கரியில் கொஞ்சம்தான் கரையும், எவ்வளவு என்பது கரிக்குக் கரி மாறும். ஆக, கரி போட்ட பாத்தியின் எண்ணை, போடாத காலத்து எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. கூடத்தில் எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கரி போட்டதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

ஆய்வாளர்கள் இதை எப்படிப் பிரித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மக்காச்சோளம், கரும்பு மாதிரித் தாவரங்கள் கார்பன்-13 என்ற கனமான கார்பனைக் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொள்ளும். மரங்களும் பெரும்பாலான செடிகளும் குறைவாக எடுக்கும். மரங்கள் மட்டுமே வளர்ந்த மண்ணில் மக்காச்சோளத் தட்டைக் கரியைப் போட்டால், மண்ணிலிருந்து வரும் கரியமில வாயுவை அளந்து இது கரியிலிருந்து வந்தது, இது மக்கிலிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம்.

நமக்கு அந்த வசதி கிடையாது. நான் செய்வது வேறு. நான்கு பாத்தியில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கரி சேர்ந்த மக்கு, பக்கத்துப் பாத்தியில் அதே அளவு கரி சேராத மக்கு. மற்ற எல்லாமே ஒன்றாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டிலும் விரல் நுனி அளவுக்கு மண் கட்டிகளை எடுத்து நிழலில் காய வையுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள். மக்கு பிடித்து வைத்திருக்கும் கட்டி அப்படியே நிற்கும், ஓரத்திலிருந்து சின்னச் சின்னக் காற்றுக் குமிழி மட்டும் வரும். மக்கு போன கட்டி சரிந்து அடியில் சேறாகிவிடும். கரித்துண்டு தனியாகப் பிரிந்து மிதந்தால், மண் இன்னும் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டியோடு சேர்ந்தே நின்றால் பின்பாதி தொடங்கிவிட்டது.

மணல்பாத்தி, நீங்கள் பார்த்தது சரிதான். அந்த 2016 தொகுப்பிலேயே மொத்தத்தில் கரி போட்ட மண்ணில் மக்குச் சிதைவு 3.8 சதவீதம் குறைந்தது, ஆனால் அது மிகச் சிறிய வித்தியாசம், இல்லையென்றே சொல்லலாம். மணலை மட்டும் தனியாகப் பார்த்தபோது சிதைவு 20.8 சதவீதம் கூடியிருந்தது. ஒட்டிக்கொள்ளக் களி இல்லாத இடத்தில் மக்குக்கு ஒளிய இடமே கிடையாது. உங்களுக்கு நான் சொல்வது, தனிக் கரி எப்போதுமே வேண்டாம். நன்றாக மக்கிய குவியலோடு சேர்த்து மட்டும், அதுவும் குறைவாக. முடிந்தால் குவியலில் இரண்டு கூடை களிமண்ணும் தூவுங்கள்.

கருமண்

பானை ஓடு, எலும்பு எல்லாம் சேர்ந்தது என்று தெரியும், ஆனால் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. நான் சொன்ன 'கொட்டிக் கொத்துங்கள்' என்பதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தம்பி. என்னுடையது கனமான களிமண், அதனால் எனக்குச் சேதம் தெரியாமல் போயிருக்கலாம். கண்ணாடித் தம்ளர் சோதனையை நானும் செய்து பார்க்கிறேன்.

இலைமக்கு

தாளைத் தேடி எடுத்தேன், கார அமில எண் 6.4. ஆகவே தொடங்கிவிட்டேன்.

பழுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியதில் ஒரு கூடை சேர்ந்தது. மீதியைச் சாக்கில் போட்டு, தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கட்டையால் தட்டினேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டும் உள்ளே கறுப்பு ஏறிவிட்டது, செய்யப் போகிறவர்கள் கவனம். பிறகு சாணம் கரைத்த வாளியில் கொட்டினேன். முதலில் எல்லாம் மிதந்தது. சொய்யென்று ஒரு மெல்லிய சத்தம், மேலெல்லாம் நுரை. காது வைத்துக் கேட்டால் ஒவ்வொரு துண்டும் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் பாதிக்கு மேல் அடியில் இறங்கியிருந்தது.

அதை ஒரு மூட்டை அளவு மட்டும் புதுக் குவியலில் அடுக்கு அடுக்காகச் சேர்த்திருக்கிறேன். இரண்டாவது மூட்டையைக் கட்டி மேலே வைத்துவிட்டேன். முதல் பாத்தியிலும் இரண்டாம் பாத்தியிலும் ஆளுக்கொரு குச்சி நட்டு, காய வைக்க மண் கட்டிகளை எடுத்திருக்கிறேன், கரி போவதற்கு முந்தைய நிலை இதுதான் என்று தெரிய வேண்டுமே. ஆறு மாதம் கழித்து இரண்டு தம்ளரையும் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன், அக்கா.